எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய பின்னரும் வருத்தங்கள் வருவது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டே தொடங்குகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் இந்தப் பதில் பயன்படக்கூடும். உங்கள் அண்ணாவுக்கு 43 வயது. மத்திய கிழக்கில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, உடல் மெலிந்துபோய்க் கிளிநொச்சிக்குத் திரும்பியவர். எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தபோது அவருடைய சி.டி.4 எண்ணிக்கை, அதாவது குருதியிலுள்ள நோயெதிர்ப்புக் கலங்களின் அளவு, 62 ஆக இருந்தது. மருந்து தொடங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன. முதல் மூன்று வாரங்களில் பசி திரும்பி, நிறை இரண்டு கிலோ கூடி, வீட்டார் ஆறுதலடைந்திருந்த நேரத்தில், மாலையில் காய்ச்சலும் கழுத்தின் வலப்பக்கத்தில் கட்டியும் வந்துவிட்டன. குளிசை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திப் பாருங்கள் என்று உறவினர் சொல்கிறார்கள். மருந்து வேலை செய்யவில்லையா, அதை நிறுத்தலாமா, இனி எந்தெந்த வருத்தங்களுக்கு எவ்வளவு காலம் பயப்பட வேண்டும் என்பவையே நீங்கள் கேட்டவை.

நிறுத்த வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளும் தவறவிடாமல் குளிசையைப் போட்டுக்கொண்டே, அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல், இந்த வாரமே அவரை மருந்து எடுக்கும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவருடைய கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல் நான் நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ஆயினும் வன்னியில் மார்புநோய்ப் பிரிவிலும் பாலியல் நோய்ப் பிரிவிலும் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில், இத்தகைய கதையைக் கேட்டதும் என் மனத்தில் முதலில் எழுவது காசநோய். மருந்து தோற்றுவிட்டது என்ற எண்ணம் எழுவதேயில்லை. சொல்லப்போனால், மருந்து வேலை செய்யத் தொடங்கியதனால்தான் அந்தக் கட்டி வெளியே தெரிகிறது என்பதே அதிகம் பொருந்தக்கூடிய விளக்கம். கேட்பதற்கு முரணாக இருக்கும் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்த வேளையில் வரும் தொற்றுகளுக்குச் சந்தர்ப்பவாதத் தொற்று என்று நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கும் பெயரை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. கிருமி ஏதோ சூழ்ச்சி செய்வதுபோன்ற எண்ணத்தை அது தந்துவிடுகிறது. அந்தக் கிருமிகளிற் பல நம்மோடு எப்போதும் இருப்பவை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரின் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறது. காளான் வகைகள் வாயிலும் மண்ணிலும் பறவை எச்சத்திலும் இருக்கின்றன. சிறுவயதில் வந்த கொப்பளிப்பானின் வைரஸ் நரம்பு வேர்களில் ஆயுள் முழுவதும் தங்கியிருக்கிறது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரருக்கு இதை விளக்குவது எளிது. யானை காட்டில் என்றைக்கும் உண்டு. வேலியில் மின்சாரம் ஓடும்வரை அது வயலுக்குள் வருவதில்லை. சி.டி.4 என்பது அந்த வேலியில் ஓடும் மின்சாரத்தின் அளவு. நலமுள்ள ஒருவரின் குருதியில், ஒரு கன மில்லிமீற்றருக்கு 500 முதல் 1500 வரையான சி.டி.4 கலங்கள் இருக்கும். 200க்குக் கீழே வந்தால் நியூமோசிஸ்டிஸ் என்னும் சுவாசப்பைத் தொற்று உள்ளே வரலாம். 100க்குக் கீழே மூளையைத் தாக்கும் கிரிப்டோகொக்கஸ், டொக்சோபிளாஸ்மா ஆகியவற்றுக்கும், 50க்குக் கீழே கண்ணின் விழித்திரையை அழிக்கும் சைட்டோமெகலோ வைரசுக்கும் இடமுண்டு. காசநோய்க்கு மட்டும் இப்படியான எல்லைக்கோடு கிடையாது. எண்ணிக்கை 600 ஆக இருந்தாலும் அது வரும்; குறையக் குறைய இன்னும் எளிதாக வரும். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் உயிரை உலகெங்கும் அதிகம் பறிக்கும் நோயும் அதுவே.

இப்போது ஆறு வாரக் கணக்குக்கு வருவோம். உங்கள் அண்ணாவுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது டெனோபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றைக் குளிசையாக இருக்கலாம். முதற்சிகிச்சையாக இன்று பெரும்பாலும் தரப்படுவது அதுவே. அந்த மருந்து வைரசின் பெருக்கத்தை வேகமாக அடக்கிவிடும்; பெரும்பாலானோரின் குருதியில் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடுகிறது. சி.டி.4 அப்படி ஏறுவதில்லை. ஓர் ஆண்டில் 50 முதல் 150 வரை கூடினால் அது நல்ல ஏற்றம். ஆக, 62இல் தொடங்கிய ஒருவர் மருந்தை ஒழுங்காக எடுத்தாலும் ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு, சில வேளை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, 200க்குக் கீழேயே இருப்பார். வைரஸ் இறங்கும் வேகமும் காவல் ஏறும் வேகமும் ஒன்றல்ல என்பதைத்தான் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் பயப்பட வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு விடையும் இந்த இடைவெளியிலேயே இருக்கிறது. முதல் ஆறு மாதங்கள் மிகுந்த கவனத்துக்குரியவை, 200ஐத் தாண்டும்வரை கவனம் குறையக்கூடாது, அதன் பின்னர் அச்சம் வெகுவாகக் குறையும்.

வேலி அறுந்திருந்த காலத்தில் உள்ளே வந்துவிட்ட யானையின் கதை வேறு. மின்சாரம் திரும்பி வந்ததும் அது வெளியே போக முடியாமல் வயலுக்குள் நின்று மிதிக்கத் தொடங்கும். அதைப் போலவே, சி.டி.4 மிகவும் குறைந்திருந்த நாட்களில் உடலுக்குள் பரவிய காசநோய்க் கிருமியை அப்போதைய உடல் எதிர்க்கவில்லை. எதிர்ப்பு இல்லாததால் வீக்கமும் காய்ச்சலும் அடங்கியே இருந்தன. காய்ச்சலும் கட்டியும் பெரும்பாலும் கிருமியால் நேரடியாக உண்டாவன அல்ல, கிருமியோடு உடல் போரிடுவதால் உண்டாவன. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் போரிடும் திறன் திரும்பியதும் அதுவரை மறைந்திருந்த நோய் திடீரென வெளிப்படுகிறது. நோயெதிர்ப்பு மீட்சி அழற்சி என்று இதைச் சொல்வோம். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் தோன்றும். தொடக்கத்தில் சி.டி.4 எவ்வளவு குறைவாக இருந்ததோ அவ்வளவுக்கு இது நேரும் வாய்ப்பும் கூடும். ஏற்கெனவே காசநோய் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கும் எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த பின்னர் கட்டிகள் பெருத்து, நோய் மோசமடைவதுபோலத் தோன்றுவதுண்டு. அதுவும் இதன் இன்னொரு முகமே.

இந்த நேரத்தில் குளிசையை நிறுத்தினால் காய்ச்சல் சில நாட்களில் குறையவும் கூடும். அதுதான் ஆபத்து. உறவினர் தாம் சொன்னது சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள்; உண்மையில் நடந்திருப்பது, போரிடத் தொடங்கிய உடல் மறுபடி ஆயுதத்தைக் கீழே வைத்ததுதான். கிருமி உள்ளேயே இருக்கும், வைரஸ் மறுபடி பெருகும். மூளையில் வரும் அழற்சிபோல உயிருக்கே ஆபத்தான சில நிலைகளில் மட்டும், வைத்தியர் தமது கண்காணிப்பில் எச்.ஐ.வி. மருந்தைத் தற்காலிகமாக நிறுத்துவதுண்டு. கழுத்துக் கட்டிக்கு அந்தத் தேவை வராது.

அண்ணாவுக்கு அடுத்து என்ன செய்வார்கள் என்பதைச் சொல்கிறேன். கழுத்துக் கட்டியில் மெல்லிய ஊசியைச் செலுத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார்கள். தேவையானால் வீங்கிய நிணநீர்க் கணுவின் ஒரு துண்டை வெட்டியெடுப்பார்கள். அதை ஜீன் எக்ஸ்பேர்ட் இயந்திரத்தில் வைத்தால் காசநோய்க் கிருமியின் மரபுக்கூறு இருக்கிறதா, காசநோய்க்கான முக்கிய மருந்தாகிய ரிபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்ற இரண்டும் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் தெரியும். கூடவே நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்கும் அனுப்புவார்கள். நிணநீர்ப் புற்றுநோயும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதே இடத்தில் கட்டியாக வருவதுண்டு என்பதால், கட்டியைப் பரிசோதிக்காமல் ஊகத்தின் பேரில் சிகிச்சை தொடங்குவதை நான் ஏற்பதில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் உண்டு. சளியே வராத, மிகவும் பலவீனமான நோயாளிகளுக்குச் சிறுநீரிலேயே காசநோய்க் கூறைத் தேடும் ஒரு பரிசோதனையும் இருக்கிறது, சி.டி.4 குறைந்தவர்களில் அது அதிகம் உதவும். நோய் கழுத்துக் கணுவில் மட்டும் இருந்து சுவாசப்பை தெளிவாக இருந்தால், அது வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தொற்றாது. பாத்திரத்தைப் பிரித்துவைக்கும் வழக்கம் எந்தக் காசநோய்க்கும் தேவையற்றது, எச்.ஐ.வி.க்கும் தேவையற்றது.

காசநோய் உறுதியானால் மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் பதிவுசெய்து, முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகளும் பின்னர் நான்கு மாதங்கள் இரண்டு மருந்துகளுமாக ஆறு மாதச் சிகிச்சை தொடங்கும். இங்கேதான் குடும்பத்தவர் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய ஓரிடம் இருக்கிறது. ரிபாம்பிசின், ஈரலைத் தூண்டி டொலுடெக்ராவிரை வழக்கத்தைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றச் செய்துவிடும். ஆகையால் காசநோய்ச் சிகிச்சை நடக்கும் காலம் முழுவதும் டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் காலையும் இரவும் என இரண்டு வேளை தேவைப்படும். மூன்றும் சேர்ந்த வழமையான குளிசையோடு, பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து டொலுடெக்ராவிர் மட்டும் உள்ள இன்னொரு குளிசையைப் போட வேண்டும். ரிபாம்பிசின் முடிந்த பின்னரும் அதன் தூண்டல் இரண்டு வாரங்களுக்கு நீடிப்பதால், அந்த மேலதிகக் குளிசையும் இரண்டு வாரம் தொடர வேண்டும். எச்.ஐ.வி. மருந்து ஓரிடத்திலும் காசநோய் மருந்து இன்னோரிடத்திலும் கொடுக்கப்படும்போது இந்த இரண்டாம் குளிசை விடுபட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். ஓரிடத்தில் அப்படி விடுபட்டு, மூன்று மாதத்தின் பின் வைரஸ் எண்ணிக்கை ஏறியிருந்ததைக் கண்டு பிடித்த அனுபவம் எனக்குண்டு. யாரும் தவறு செய்ய நினைக்கவில்லை, ஒருவருடைய அட்டையை மற்றவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே இரு கிளினிக்குகளின் அட்டைகளையும் ஒரே உறையில் வைத்து, எங்கே சென்றாலும் இரண்டையும் காட்டுங்கள். எச்.ஐ.வி. நிலையைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் காசநோய் வைத்தியருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும். இலங்கையில் காசநோயாளருக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும், எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய்ப் பரிசோதனையும் செய்வது வழமையான நடைமுறை. ஆகவே அவர்கள் இதை முதல் தடவையாகக் கேட்கப்போவதில்லை.

இன்னொரு சிறு குறிப்பு. ரிபாம்பிசின் போட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். கண்ணும் மஞ்சளாகி, சத்தியும் வந்தால் அது ஈரல் பாதிப்பாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

அழற்சி கடுமையாகும்போது வைத்தியர்கள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் மருந்தைக் கொடுப்பதுண்டு. அது நல்ல மருந்து, சரியான கையில் இருக்கும்வரை. நம் ஊர்களில் இளைப்புக்கும் மூட்டு வலிக்கும் அதைப் பாமசியில் தாமாகவே வாங்கிப் போடும் பழக்கம் இருக்கிறது. நோயை இன்னதென்று அறியாமல் அதைப் போட்டால் காய்ச்சல் அடங்கும், கட்டி சுருங்கும், நோய் உள்ளே ஓடும். மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களின் குடலில் சத்தமின்றி வாழும் ஒருவகைப் புழுவும், இந்த மருந்து உடலில் சேரும்போது கட்டுமீறிப் பெருகி உயிரைக் குடிக்கவல்லது. வயலில் வேலை செய்த எவருக்கும் அதைத் தொடங்குவதற்கு முன்னர் புழு மருந்தைப் பற்றி யோசிப்பது வீண்போகாது.

கழுத்துக் கட்டியைவிட நான் அதிகம் பயப்படுவது தலையிடிக்குத்தான். சி.டி.4 100க்குக் கீழே இருந்த ஒருவர், மருந்து தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் தலையிடியையும் சத்தியையும் சொன்னால், கழுத்து விறைப்பு இல்லாவிட்டாலும் காய்ச்சல் பெரிதாக இல்லாவிட்டாலும், கிரிப்டோகொக்கஸ் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று எண்ணியே நடக்க வேண்டும். பார்வை இரட்டையாகத் தெரிவதும், பேச்சிலும் நடத்தையிலும் மந்தம் தட்டுவதும் பின்னர் வரும், அதுவரை காத்திருக்கக்கூடாது. இந்தக் காளானின் கூறு, தலையிடி தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே குருதியில் தென்படும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் குருதியிலேயே சில நிமிடங்களில் அதைக் கண்டறியலாம் என்பதால், சி.டி.4 100க்குக் குறைந்தவர்களுக்கு மருந்து தொடங்கும் முன்னரே இதைப் பார்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது; 200க்குக் குறைந்தவர்களுக்கும் பார்க்கலாம் என்கிறது. அண்ணாவுக்கு அது செய்யப்பட்டதா என்று கேளுங்கள். குருதியில் மட்டும் இருந்தால் காளானை அடக்கும் புளூகோனசோல் குளிசையால் மூளைக்குப் போகாமல் தடுக்கலாம். மூளைக்குப் போய்விட்டால் முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும், அம்போடெரிசின் என்ற காளான் மருந்தை ஏற்ற வேண்டும். முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போகும் என்ற அச்சம் நம்மவரிடம் பெருமளவில் உண்டு, அதனால் கையொப்பமிட மறுத்துவிடுகிறார்கள். இந்த நோயில் மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதே கொல்கிறது. அந்த நீரை வெளியே எடுப்பது பரிசோதனையாக இருப்பதோடு சிகிச்சையாகவும் அமைகிறது, சில வேளை நாள்தோறும் எடுக்க நேரும்.

எச்.ஐ.வி. மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்ற பொது விதிக்கு விலக்கும் இங்கேதான் வருகிறது. கிரிப்டோகொக்கஸ் மூளைக்காய்ச்சலில் ஓரிரு வாரங்களுக்குள் எச்.ஐ.வி. மருந்து தொடங்கியவர்கள், ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களைவிட அதிகமாக இறந்தார்கள் என்பது 2014இல் வெளியான ஆய்வொன்றில் தெளிவானது. ஆகையால் இதிலும் காசநோய் மூளைக்காய்ச்சலிலும் நான்கு வாரங்களுக்குக் குறையாமல் பொறுப்பார்கள். மூளையைத் தொடாத காசநோயில், காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரங்களுக்குள் எச்.ஐ.வி. மருந்தும் தொடங்கப்படும். ஒரே வார்டில் இரண்டு நோயாளிகளுக்கு இரு வேறு விதமாகச் சொல்லப்படுவதைக் கேட்டு வைத்தியர்கள் தடுமாறுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

அண்ணாவின் மருந்துப் பையில் கோட்ரைமொக்சசோல் என்ற பெரிய வெள்ளைக் குளிசை இருக்கும், அல்லது இருக்க வேண்டும். நிறை கூடியதும் மக்கள் முதலில் கைவிடுவது இதைத்தான், எச்.ஐ.வி.க்கு இது மருந்தல்லவே என்று நினைத்துவிடுகிறார்கள். நாளொன்றுக்கு 960 மில்லிகிராம் வீதம் எடுக்கும் இந்தப் பழைய, மலிவான மருந்து, நியூமோசிஸ்டிஸ், டொக்சோபிளாஸ்மா ஆகிய இரண்டையும் ஒருங்கே தடுத்து, சில வகை வயிற்றோட்டங்களையும் குறைக்கிறது. 1981 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டு, எயிட்ஸ் என்ற நோயையே உலகுக்குக் காட்டிக்கொடுத்தது இந்த நியூமோசிஸ்டிஸ்தான். வறட்டு இருமல், மெல்லிய காய்ச்சல், நடந்தால் மூச்சு வாங்குதல் என இரண்டு மூன்று வாரமாக மெதுவாக ஏறும்; ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது, எக்ஸ்ரேயும் தொடக்கத்தில் தெளிவாக இருக்கக்கூடும். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியோடு நோயாளியை வைத்தியசாலை விறாந்தையில் இரண்டு தடவை நடக்கவைத்தால் எண் சரிவது தெரிந்துவிடும். சி.டி.4 200ஐத் தாண்டிச் சில மாதங்கள் அங்கேயே நிலைத்த பின்னர், வைத்தியர் சொன்னால் மட்டுமே இந்தக் குளிசையை நிறுத்தலாம். உடலில் சிவப்புத் தடிப்பு வந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரிந்தால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தயிராடைபோல வாயில் வெண்படலம் படிவது பூஞ்சைத் தொற்று. விழுங்கும்போது நெஞ்சுக்குள் நொந்தால் அது உணவுக்குழாய்க்கும் இறங்கிவிட்டது என்று பொருள், இரண்டு மூன்று வாரப் புளூகோனசோலில் மாறும். பழைய கொப்பளிப்பான் வைரஸ் மறுபடி கிளம்புவதால் உண்டாகும் அக்கி, எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் கூடுதலாக வரும். பேனைமைக் கோலமும் மந்திரிப்பும் வலியைக் குறைக்காது, மூன்று நாட்களுக்குள் வைரஸ் மருந்து தொடங்குவதே அதைக் குறைக்கும், கண்ணருகே வந்தால் அன்றே கண் வைத்தியர் பார்க்க வேண்டும். கண்முன்னே கரும்புள்ளிகள் மிதப்பதாகவோ பார்வையின் ஒரு பகுதி திரையிட்டதுபோல மறைவதாகவோ அண்ணா சொன்னால், வலி இல்லை என்று விட்டுவிடக்கூடாது. கை கால் ஒருபக்கம் சோர்ந்தாலோ வலிப்பு வந்தாலோ டொக்சோபிளாஸ்மாவையும் காசநோய்க் கட்டியையும் தேடி மூளையை ஸ்கேன் செய்வார்கள். நாட்கணக்கில் நிற்காத வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரும் காரணமாகலாம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக் கிணற்றில் போடும் குளோரின் கொல்லாது, கொதிக்கவைத்த நீரே பாதுகாப்பு. மாரியில் கிணறு நிரம்பி வெள்ளநீர் கலந்த நாட்களில் இதை மறவாதீர்கள்.

இவ்வளவையும் எழுதிய பின்னர் எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் தவறாகிவிடும். வன்னியில் வாழும் ஒருவருக்கு வரும் காய்ச்சலெல்லாம் எச்.ஐ.வி.யால் வருவதில்லை. காலபோக விதைப்பின்போதும் வெள்ளத்தின் பின்னும் வரும் எலிக்காய்ச்சல், டெங்கு, பற்றைக்குள் போய்வந்தவரைக் கடிக்கும் உண்ணியால் வரும் காய்ச்சல் ஆகியவை யாருக்கும் வரும். 2024 டிசெம்பரில் வடக்கில் எலிக்காய்ச்சல் பரவியபோது உயிரிழந்தவர்கள் நல்ல உடற்கட்டோடு இருந்தவர்களும்தான். எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கண்டதும் வைத்தியர் சந்தர்ப்பவாதத் தொற்றுகளையே தேடிக்கொண்டிருக்க, நோயாளி எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் பழுதாகிப்போவதும் நடக்கக்கூடியதே. ஆகையால் சேற்றில் இறங்கினாரா, எப்போது என்பதையும் சொல்லுங்கள். வயல் வேலைக்கு முன்னர் எலிக்காய்ச்சலைத் தடுக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் டொக்சிசைக்கிளினை எச்.ஐ.வி. மருந்தோடு சேர்த்தே எடுக்கலாம், தடையில்லை. மலேரியா இப்போது இங்கே இல்லை. 2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆபிரிக்க நாடொன்றிலிருந்து அண்மையில் திரும்பியவருக்குக் காய்ச்சல் என்றால் அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

மருந்து எடுத்துப் பல ஆண்டுகள் ஆனவருக்குப் புதிதாக வாய்ப்பூஞ்சையோ காசநோயோ வந்தால் கதை வேறு. அங்கே மீட்சி அழற்சி என்று சமாதானம் சொல்ல முடியாது. குளிசை உடலுக்குள் போகிறதா என்பதே முதற்கேள்வி. நேரடியாகக் கேட்டால் எல்லோரும் ஒழுங்காகப் போடுகிறேன் என்றே சொல்வார்கள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அஞ்சி வேறு மாவட்டக் கிளினிக்குக்குப் போகிறவர், வயல்வெட்டு நாளில் பஸ் எடுக்க முடியாமல் ஒரு மாத மருந்தைத் தவறவிட்டிருப்பார். இன்னொருவர் கல்சியம் அல்லது இரும்புச்சத்துக் குளிசையையோ வயிற்றெரிவுக்கான அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்தையோ டொலுடெக்ராவிரோடு ஒன்றாக வெறும் வயிற்றில் விழுங்கியிருப்பார். அவை குடலில் அந்த மருந்தைப் பிடித்துவைத்துவிடும். டொலுடெக்ராவிரை அவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாகவோ ஆறு மணித்தியாலம் பின்னதாகவோ போட வேண்டும். கல்சியமும் இரும்பும் மட்டும் சாப்பாட்டோடு சேர்த்தால் ஒன்றாகவே போடலாம், வயிற்றெரிவு மருந்துக்கு அந்தச் சலுகை இல்லை. வலிப்புக்கு எடுக்கும் கார்பமசெப்பினும் ரிபாம்பிசினைப் போலவே அதன் அளவைக் குறைக்கும். இவற்றையெல்லாம் கேட்டறிந்து, வைரஸ் எண்ணிக்கையைப் பார்த்த பின்னர்தான் மருந்துக்கு வைரஸ் பழகிவிட்டது என்ற முடிவுக்கு வர வேண்டும். டொலுடெக்ராவிரில் அது அரிது.

வவுனியாப் பக்கம் உறவினர் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு வவுனியாவையும் தொட்டிருக்கிறது; டெனோபோவிரும் சிலரின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையை ஒழுங்காகச் செய்வித்து, எண் தொடர்ந்து ஏறினால் மருந்தை மாற்றுவார்கள். டொலுடெக்ராவிர் தொடங்கிய முதல் மாதத்தில் அது சிறிதளவு ஏறி அங்கேயே நிற்பது சிறுநீரகப் பழுதல்ல. வலிக்கு டைக்குளோபெனக் ஊசி போடுவதையும், உள்ளடக்கம் தெரியாத சூரணங்களையும் தவிர்ப்பது நல்லது. சித்த மருத்துவத்தில் எனக்குப் பகையில்லை. எதை எடுக்கிறார் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டு எடுத்தால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று, அண்ணி பற்றியது. அவரும் பரிசோதனை செய்துகொண்டாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தொற்று இல்லையென்றால், அண்ணாவின் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி நிலைத்த பின்னர் உடலுறவின் வழியாக அவருக்குத் தொற்றாது. அதுவரை ஆணுறை வேண்டும். தொற்று இருந்தால் அவருக்கும் இதே மருந்து இலவசமாகவே கிடைக்கும். அத்துடன் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதற்கும் தடையில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக 2019இல் இலங்கை சான்றளிக்கப்பட்டிருக்கிறது.

கிளினிக்குக்குப் போகும்போது ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: மருந்து தொடங்கிய திகதி, அன்றைய சி.டி.4, காய்ச்சல் தொடங்கிய திகதி, இப்போது எடுக்கும் எல்லாக் குளிசைகளின் பெயர்கள். பெயர் தெரியாவிட்டால் வெற்று அட்டைகளையே கொண்டுபோங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் காய்ச்சலை அளந்து எழுதும் எண்ணம் வேண்டாம், அந்த ஒரு வாரம் நமக்கு இல்லை. போகும் வழியில் அவருக்குத் தலையிடியோ மயக்கமோ கூடினால், அல்லது இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால், கிளினிக் நாளைப் பார்க்காமல் நேரே மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே வாசலில் உள்ளவரிடம் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. வைத்தியரிடம் மட்டும், தனியாக, எச்.ஐ.வி. மருந்து தொடங்கி ஆறு வாரம் என்று சொன்னால் அவர் எங்கே தேடவேண்டும் என்பதை அறிந்துகொள்வார்.